கொத்தனார் வீட்டுக் கோயில்

வீட்டில் ஆண்பிள்ளை இல்லாத நேரம். வாசலில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். எட்டிப் பார்த்தால், முன்பின் கண்டிராத இரண்டு ஆட்கள், ஒரு குதிரை. வந்தவர்கள் முகத்திலே களைப்பு. சாப்பிட ஏதாவது கிடைக்குமா என்று கேட்கிறார்கள். நீங்கள் என்ன செய்வீர்கள்? “ஐயா வீட்டில் இல்லை, பிறகு வாருங்கள்” என்று சொல்லிக் கதவைத் தாழிட்டால் உங்களை யாரும் குறை சொல்லப் போவதில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

1743-ஆம் வருஷம் இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில், கார்ன்வால் ஜில்லாவில், ட்ரெவின்ட் என்ற குக்கிராமத்தில் ஒரு மாது அப்படிச் செய்யவில்லை. எலிசபெத் இஸ்பெல் என்பது அவர் பெயர். கணவர் டிகரி இஸ்பெல், கல் கட்டும் கொத்தனார். அன்று வேலைக்குப் போயிருந்தார். எலிசபெத் அம்மாள் வந்தவர்களை உள்ளே அழைத்தார். ரொட்டியும் வெண்ணெயும் பாலும் கொடுத்தார். குதிரைக்கு வைக்கோல் போட்டார். அவ்வளவுதான் நடந்தது. அந்த ஒரு வேளைச் சாப்பாட்டிலிருந்து ஒரு கோயில் முளைத்தது. உலகத்திலேயே மிகச் சிறிய மெதடிஸ்ட் ஜெப வீடு அதுதான் என்று சொல்வதுண்டு. இன்றைக்கும் அது இருக்கிறது.

அந்த ஊர் இருக்கும் இடத்தை முதலில் மனக்கண்ணில் பார்த்துக்கொள்ளுங்கள். லான்செஸ்டன் என்ற பட்டணத்திலிருந்து மேற்கே ஏறக்குறைய எட்டு மைல். பாட்மின் மூர் என்ற பெரும் பொட்டல்வெளியின் விளிம்பு. மரமே இல்லாத மேட்டு நிலம். அங்கங்கே கருங்கல் குன்றுகள். நடுநடுவே காலை வைத்தால் உள்ளே இழுக்கும் சதுப்பு. மூடுபனி இறங்கிவிட்டால் உள்ளூர்க்காரருக்கே திசை தெரியாது. ஆங்கில நாவல் படிக்கும் நேயர்களுக்கு ‘ஜமைக்கா இன்’ ஞாபகம் வரலாம். ‘ரெபேக்கா’ எழுதிய டாஃப்னி டு மாரியர் 1936-ல் வெளியிட்ட கதை. அந்தச் சத்திரம் இதே பொட்டலில்தான், ட்ரெவின்டுக்குச் சில மைல் தூரத்தில் இருக்கிறது. கதையில் ஆல்டர்நன் ஊர்ப் பாதிரியார் ஒருவர் வருவார். ட்ரெவின்ட் அந்த ஆல்டர்நன் பங்கைச் சேர்ந்த கிராமம். பாதிரியார் எப்படிப்பட்டவர் என்பதை நான் சொல்லமாட்டேன். கதையைப் படிக்காதவர்கள் என்னைச் சபிப்பார்கள்!

ஒரு குதிரை, இரண்டு பேர்

வாசலுக்கு வந்தவர்கள் யார்? ஒருவர் ஜான் நெல்சன், மற்றவர் ஜான் டவுன்ஸ். இருவரும் ஜான் வெஸ்லி பாதிரியாரின் ஆட்கள். அவர் கார்ன்வாலுக்குப் பிரசங்கம் செய்ய வந்தபோது உடன் வந்தவர்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே குதிரை. ஒருவர் ஏறினால் மற்றவர் நடப்பார், பிறகு மாற்றிக்கொள்வார்கள்.

இந்த ஜான் நெல்சன் படித்துப் பட்டம் பெற்ற பாதிரியார் அல்ல. யார்க்ஷயரைச் சேர்ந்த சாதாரணக் கொத்தனார். ஆக, அன்றைக்குக் கொத்தனார் வீட்டுக் கதவைத் தட்டியவரும் ஒரு கொத்தனார்தான். கையில் இருந்த காய்ப்பைப் பார்த்தே எலிசபெத் அம்மாள் ஆளை மட்டுக்கட்டியிருப்பாரோ என்னவோ! கொத்தனாரின் மனைவிக்கு அது தெரியாதா?

நெல்சன் பிற்பாடு தம் வாழ்க்கையை எழுதி வைத்தார். அதில் கார்ன்வால் பிரயாணத்தைப் பற்றி வரும் பகுதியைப் படித்தால் சிரிப்பும் வரும், பரிதாபமும் வரும். செயிண்ட் ஐவ்ஸ் என்ற கடற்கரை ஊரில் அவரும் வெஸ்லியும் பல நாள் வெறும் தரையில் படுத்தார்கள். நெல்சனின் மேல்கோட்டுதான் வெஸ்லிக்குத் தலையணை. நெல்சனுக்குத் தலையணை, புதிய ஏற்பாட்டுக்கு ஒருவர் எழுதிய கனத்த வியாக்கியானப் புத்தகம். ஒரு நாள் பின்னிரவு மூன்று மணிக்கு வெஸ்லி விழித்து, தமக்கு ஒரு பக்கத் தோல்தான் உரிந்திருக்கிறது, இன்னொரு பக்கம் முழுசாக இருக்கிறது, ஆகவே கவலை வேண்டாம் என்று நெல்சனைத் தேற்றினாராம்!

பிரசங்கத்தைக் கேட்க ஜனங்கள் வந்தார்கள். ஆனால் சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட ஆள் இல்லை. ஒரு நாள் வழியில் வெஸ்லி குதிரையை நிறுத்தி, வேலியோர முட்புதரில் கறுத்துப் பழுத்திருந்த பிளாக்பெர்ரிப் பழங்களைப் பறித்துத் தின்றார். பசி எடுப்பதற்கு இதைவிட நல்ல சீமை கிடையாது, ஆகாரம் கிடைப்பதற்கு இதைவிட மோசமான சீமையும் கிடையாது என்று அப்போது அவர் சொன்னதை நெல்சன் குறித்து வைத்திருக்கிறார்.

இப்போது அந்த ரொட்டி, வெண்ணெய், பாலின் அருமை தெரிகிறதா?

சாப்பிட்டு முடித்துப் புறப்படுமுன் இருவரும் அந்த வீட்டுத் தரையில் மண்டியிட்டு ஜெபம் செய்தார்கள். எலிசபெத் அம்மாள் திகைத்துப் போனார். ஜெபம் செய்ததற்காக அல்ல. புத்தகம் இல்லாமல் செய்ததற்காக. ஆங்கிலத் திருச்சபையில் ஜெபம் என்றால் அச்சடித்த ஜெபப் புத்தகத்தைப் பார்த்து, உரிய நாளுக்கு உரியதைப் படிப்பது. இவர்களோ பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோல் கடவுளிடம் பேசினார்கள். நம் பக்கத்தில் மந்திரம் தெரியாத பாட்டி, கண்ணை மூடிக்கொண்டு ‘அப்பனே முருகா’ என்று தன் குறையை எல்லாம் கொட்டுவாளே, அந்த மாதிரி.

கணவர் வீடு திரும்பியதும் அம்மாள் எல்லாவற்றையும் சொன்னார். டிகரி கோபித்துக்கொள்ளவில்லை. அந்த ஆட்கள் மறுபடி வந்தபோது வரவேற்று, அக்கம்பக்கத்தாரையும் கூட்டினார். முந்நூறு பேர் வந்தார்கள் என்று சொல்கிறார்கள். அந்தப் பொட்டல் காட்டில் முந்நூறு பேர் எங்கிருந்துதான் முளைத்தார்களோ!

சூனேம் ஊர் அம்மாள்

அதன் பிறகு ஒரு நாள் டிகரி வேதாகமம் படித்துக்கொண்டிருந்தார். இராஜாக்களின் இரண்டாம் புத்தகத்தில் நாலாம் அதிகாரம். எலிசா தீர்க்கதரிசி சூனேம் என்ற ஊர் வழியாக அடிக்கடி போவார். அவ்வூரில் வசதியுள்ள ஓர் அம்மாள் அவரை வற்புறுத்திச் சாப்பிடச் சொல்வாள். பிறகு தன் கணவனிடம், இவர் பரிசுத்தமான மனிதராகத் தெரிகிறது, இவர் வந்தால் தங்குவதற்கு நம் வீட்டின்மேல் ஒரு சின்ன அறை கட்டுவோமே என்று யோசனை சொல்வாள். அறையில் வைக்க வேண்டிய சாமான்களையும் அவளே அடுக்குவாள்: கட்டில், மேஜை, நாற்காலி, விளக்கு. தமிழ் வேதாகமத்தில் அதைக் குத்துவிளக்கு என்றே மொழிபெயர்த்திருக்கிறார்கள். விருந்தாளிக்கு அறை ஒழித்துப் பழகிய எந்தப் பெண்ணும் அந்தப் பட்டியலைப் படித்து, ஒன்றும் விட்டுப்போகவில்லை என்று தலையாட்டுவாள்.

டிகரிக்கு அது தம் வீட்டுக் கதையாகவே பட்டது. அங்கேயும் முதலில் சாப்பாடு போட்டவள் மனைவிதான். பிறகுதான் கணவனுக்குச் செய்தி. ஒரே வித்தியாசம், சூனேம் அம்மாள் பணக்காரி. இங்கே கூலிக்குக் கல் கட்டும் குடும்பம். ஆனாலும் கொத்தனாருக்குக் கை இருக்கிறது, ஊரைச் சுற்றிக் கல் இருக்கிறது. தம் வீட்டை ஒட்டி இரண்டு அறைகள் கட்டினார். கீழே ஒன்று, மேலே ஒன்று. கீழ் அறை பிரசங்கத்துக்கு. மேல் அறை வழிப்போக்கராக வரும் பிரசங்கிகள் படுக்க.

இதிலே என்ன பெரிய தியாகம் என்று கேட்பீர்கள். அந்தக் காலத்தில் மெதடிஸ்டுகளுக்கு இடம் கொடுப்பது என்பது லேசான சமாசாரம் அல்ல.

‘மெதடிஸ்ட்’ என்பதே கேலிப் பெயர். ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் வெஸ்லி சகோதரர்களும் சில நண்பர்களும் ஜெபம், படிப்பு, உபவாசம், சிறைக் கைதிகளைப் பார்ப்பது என்று எல்லாவற்றையும் கால அட்டவணை போட்டுச் செய்தார்கள். ‘முறைகாரர்கள்’ என்று மற்ற மாணவர்கள் பரிகாசம் செய்தார்கள். பரிகாசமே பெயராகிவிட்டது. 1739 முதல் வெஸ்லி திறந்தவெளியில் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். சுரங்கத் தொழிலாளிகளும் நெசவாளிகளும் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். இத்தனை ஏழை ஜனங்கள் ஓரிடத்தில் கூடினால் மேல்தட்டுக்காரர்களுக்குப் பயம் வருமா, வராதா? அதுவும் 1744-ல் பிரான்ஸிலிருந்து படையெடுப்பு வருகிறது, பழைய ஸ்டூவர்ட் ராஜ வம்சத்தார் சிம்மாசனத்தைப் பிடிக்கப் போகிறார்கள் என்று நாடெங்கும் வதந்தி. மெதடிஸ்டுகள் அந்த வம்சத்தாரின் ஒற்றர்கள் என்று கதை கட்டிவிட்டார்கள்.

கதையோடு நிற்கவில்லை. அந்த வருஷ வசந்த காலத்தில் செயிண்ட் ஐவ்ஸில் மெதடிஸ்டுகளின் ஜெப வீட்டை ஒரு கும்பல் இடித்துத் தள்ளியது. ஏன் தெரியுமா? மத்தியதரைக் கடலில் அட்மிரல் மாத்யூஸ் ஸ்பானியர்களை ஜெயித்துவிட்டார் என்ற செய்தி வந்ததாம். அந்தச் சந்தோஷத்தைக் கொண்டாடத்தான்! வேடிக்கை என்னவென்றால், அந்தச் சண்டை ஜெயமே அல்ல. அதை நடத்திய லட்சணத்துக்காக அந்த அட்மிரலையே பின்னால் ராணுவ நீதிமன்றம் விசாரித்து வேலையை விட்டு நீக்கியது. ஆனால் இடித்த வீடு இடித்ததுதானே.

இஸ்பெல் வீட்டில் ரொட்டி சாப்பிட்ட நெல்சனைப் பாருங்கள். 1744 மே மாதம் அவருடைய சொந்த ஊர்ப் பக்கத்திலேயே பலவந்தமாகப் பிடித்துப் பட்டாளத்தில் சேர்த்தார்கள். பிராட்ஃபர்டில் ஒரு பாதாளச் சிறையில் அடைத்தபோது, விடியற்காலை நாலு மணிக்கு அவர் மனைவி வந்து, கதவில் இருந்த துவாரம் வழியாகப் பேசினாள். அழுது புலம்பவில்லை. என்னைப் பற்றியும் குழந்தைகளைப் பற்றியும் கவலைப்படாதீர்கள், பயப்படாதீர்கள் என்று அவள்தான் தைரியம் சொன்னாள். நெல்சன் துப்பாக்கி தூக்கிச் சண்டை போடமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்று, சில மாதங்களுக்குப் பிறகு விடுதலையானார்.

இத்தகைய ஆட்களுக்குத்தான் டிகரியும் எலிசபெத்தும் தங்கள் சுவரோடு சுவராக அறை கட்டிக் கொடுத்தார்கள். நாளைக்கு ஒரு கும்பல் வந்தால் இடிபடுவது அந்த அறை மட்டுமா?

பனியில் வழிகாட்டி

1744 ஏப்ரல் 2-ஆம் தேதி பிற்பகல் வெஸ்லி பாதிரியாரே ட்ரெவின்டுக்கு வந்து சேர்ந்தார். வழியெல்லாம் மழையும் ஆலங்கட்டியும். பல மணி நேரம் அடிபட்டு, நனைந்து, களைத்து வந்தார். வந்த களைப்பு ஆறுமுன் பிரசங்கம். கூட்டம் வீட்டுக்குள் கொள்ளவில்லை என்று அவருடைய தினக்குறிப்பே சொல்கிறது. மறுநாள் காலையில் பார்த்தால் பொட்டல் முழுதும் பனி. பாதைகள் மறைந்துவிட்டன. சில இடங்களில் குதிரையும் மனிதனும் கடக்க முடியாதபடி பனி குவிந்து கிடந்தது. டிகரி இஸ்பெல் முன்னே நடந்து அவரைக் கரை சேர்த்தார். வெஸ்லி தம் குறிப்பில் டிகரியின் பெயரை மறக்காமல் எழுதியிருக்கிறார். மறுநாள் அவர் செயிண்ட் ஐவ்ஸ் போய்ச் சேர்ந்தபோதுதான், இடிக்கப்பட்ட ஜெப வீட்டின் மிச்சத்தைக் கண்டார்.

அதிலிருந்து 1762 வரை ஆறு முறை அவர் அந்த வீட்டில் தங்கினார் என்பது கணக்கு. லண்டன் பக்கத்திலிருந்து கார்ன்வாலுக்குள் நுழைகிறவருக்கு, பெரும் பொட்டலைத் தாண்டுமுன் ட்ரெவின்ட்தான் வாசற்படி. ஒவ்வொரு முறையும் படுக்கை தட்டிப் போட்டவர், ஈரத் துணியைக் கணப்பில் உலர்த்தியவர், அந்த முந்நூறு பேரின் சேற்றுக்காலுக்குப் பிறகு தரையைக் கழுவியவர் யார் என்று எந்தத் தினக்குறிப்பிலும் தேட வேண்டாம். உங்களுக்கே தெரியும்.

இவ்விடத்தில் வெஸ்லியின் தாயாரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் நகர மனம் வரவில்லை. சூசன்னா அம்மாள் பத்தொன்பது குழந்தைகளைப் பெற்றவர். அவர்களில் பாதிப் பேர்தான் பிழைத்து வளர்ந்தார்கள். கணவர் எப்வர்த் என்ற கிராமத்துப் பாதிரியார். 1711-12 குளிர்காலத்தில் அவர் சபைக் காரியமாக லண்டனில் இருந்தபோது, அம்மாள் ஞாயிறு மாலையில் குழந்தைகளையும் வேலைக்காரர்களையும் உட்காரவைத்துச் சமையலறையில் வேதம் வாசித்து ஜெபம் நடத்தினார். அண்டை வீட்டார் கேட்டு வந்தார்கள். பத்து இருபதாகி, இருபது இருநூறாயிற்று. உதவிப் பாதிரியாருக்குப் பொறுக்கவில்லை. லண்டனுக்குப் புகார் எழுதினார். கணவர் நிறுத்தச் சொல்லிக் கடிதம் போட்டார். அதற்கு சூசன்னா அம்மாள் எழுதிய பதிலின் சாரம் இது: நிறுத்தினால் நன்றாயிருக்கும் என்று நீங்கள் சொல்வது எனக்குப் போதாது, நிறுத்து என்று தெளிவாகக் கட்டளையிடுங்கள், நாளைக்குக் கடவுள் என்னைக் கேட்டால் அந்தக் கட்டளையைக் காட்டி நான் தப்பித்துக்கொள்கிறேன். கணவர் அந்தக் கட்டளையை இடவே இல்லை! அந்தச் சமையலறைக் கூட்டத்தில் எட்டு வயதுப் பையனாக உட்கார்ந்திருந்தவர்தான் ஜான் வெஸ்லி. ட்ரெவின்ட் வீட்டின் சின்னக் கீழ் அறையில் நின்று பேசியபோது அவருக்கு அம்மாவின் அடுப்பங்கரை ஞாபகம் வந்திருக்காதா? ட்ரெவின்டில் கதவு திறந்ததற்கு முந்தைய வருஷம், 1742-ல் தான் அந்தத் தாயார் காலமானார்.

கார்ன்வாலில் மெதடிஸ்ட் இயக்கம் காட்டுத்தீபோல் பரவியது. 1851-ல் இங்கிலாந்தில் எடுத்த கணக்கின்படி, அந்த ஜில்லாவில் ஞாயிற்றுக்கிழமை தொழப் போனவர்களில் பாதிக்கு மேல் மெதடிஸ்டுகள். பிறகு அங்கே தாமிர, வெள்ளீயச் சுரங்கங்கள் நொடித்துப் போக, தொழிலாளிகள் உலகமெங்கும் பிழைப்புத் தேடிப் போனார்கள். 1880-களிலிருந்து நம் கோலார் தங்க வயலுக்கும் வந்தார்கள். அங்கே அவர்களோடு சுரங்கத்தில் இறங்கியவர்களில் ஏராளமானோர் தமிழர்கள். மெதடிஸ்ட் மிஷனரிகளோ அதற்கு வெகு காலம் முன்பே, 1814-ல் யாழ்ப்பாணத்துக்கும் 1817-ல் சென்னைக்கும் வந்துவிட்டார்கள்.

ஆல்டர்நன்னில் பெரிய ஜெபாலயம் ஒன்று எழுந்தது. அதன் வாசலுக்கு மேல் கல்லில் செதுக்கிய வெஸ்லியின் தலை ஒன்று உண்டு. செதுக்கியவன் நெவில் பர்னார்டு; 1818-ல் அதே ஊரில் பிறந்த ஒரு கொத்தனார் மகன். அதைச் செதுக்கியபோது மீசை முளைக்கிற வயசு. பிற்பாடு லண்டனில் பெரிய மனிதர்களின் சிலைகளை வடித்துப் பெயர் வாங்கினான். கடைசியில் எல்லாவற்றையும் இழந்து, கார்ன்வால் சாலைகளில் நாடோடியாகத் திரிந்து, 1878-ல் ரெட்ரூத் தர்ம விடுதியில் இறந்தான். அவன் கதையைத் தனியாகவே ஒரு நாள் எழுத வேண்டும்.

பெரிய ஜெபாலயம் வந்தால் சின்ன அறையை யார் நினைப்பார்கள்? கொத்தனார் கட்டிய இரண்டு அறைகளும் கவனிப்பாரற்றுச் சிதைந்தன. இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான் சிலர் விழித்துக்கொண்டார்கள். 1950-ல் செப்பனிட்டு மறுபடி திறந்தார்கள். இப்போது நெடுஞ்சாலையிலிருந்து சற்றே விலகினால் பார்த்துவிடலாம். கருங்கல் சுவர், கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை. அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘வெஸ்லி குடில்’. ஆறு தடவை வந்துபோன விருந்தாளியின் பெயர்! ஆயுள் முழுக்க அங்கே குடித்தனம் நடத்தியவர்களின் பெயரை வைத்தால் ஆகாதோ? எனக்கு இதில் கொஞ்சம் வருத்தந்தான். விலாசம் விளங்க வேண்டும் என்று வைத்திருப்பார்கள்.

டிகரி 1795-லும், எலிசபெத் அம்மாள் 1805-லும் காலமானார்கள். வெஸ்லி 1791-லேயே போய்விட்டார். அவர் உயிரோடிருந்தவரை ஆங்கிலத் திருச்சபையை விட்டு விலகவில்லை. அவருக்குப் பிறகுதான் மெதடிஸ்டுகள் தனிச் சபையானார்கள். இஸ்பெல் தம்பதிகளும் அப்படியே. வீட்டில் மெதடிஸ்ட் ஜெபம். ஊர்க் கோயிலுக்குச் செய்ய வேண்டியதிலும் குறை வைத்ததில்லை. ஆல்டர்நன் கோயில் முற்றத்திலேயே இருவரையும் அடக்கம் செய்தார்கள். இந்த ஜில்லாவில் மெதடிஸ்ட் போதகர்களுக்கு முதன்முதலில் விருந்தளித்தவர்கள் இவர்கள் என்று கல்லறையில் எழுதியிருக்கிறது. வழக்கப்படி கணவர் பெயர் முதலில், அடுத்து ‘அவர் மனைவி’ என்று எலிசபெத் அம்மாளின் பெயர். அன்று கதவைத் திறந்தபோது வீட்டில் யார் இருந்தார், யார் இல்லை என்பது மட்டும் கல்லில் இல்லை.